அமெரிக்க கவுன்டி டிராஃபிக் கோர்ட் பதிவுகள்: எந்தத் தளம் உதவும், எது இழுத்தடிக்கும்

ஸ்பீடிங் டிக்கெட்டுக்குப் பணம் கட்டி மூன்று வருடம் ஆகியிருக்கும். திடீரென்று வேலைக்கு எடுக்கும் நிறுவனமோ சிட்டிசன்ஷிப் விண்ணப்பமோ அந்த கேஸ் எப்படி முடிந்தது என்று கேட்கும். டிக்கெட் தாள் எங்கே போனதோ தெரியாது. கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்பவை தனியார் தளங்கள். பெயரைப் போட்டதும் பத்து நிமிடம் தேடுவதுபோல் காட்டிவிட்டு, கடைசியில் கார்டு எண் கேட்கும். அந்தப் பணத்தை அங்கே கொடுக்காதீர்கள். அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் கோர்ட் தளங்களிலிருந்து எப்போதோ எடுத்த பழைய நகல்தான். தள்ளுபடியான கேஸ்கூட அதில் இன்னும் நிலுவை என்றே நிற்கலாம். சந்தாவும் மாதாமாதம் பிடித்துக்கொண்டே இருக்கும். இதே தகவலைப் பல மாநிலங்களில் கோர்ட்டே இலவசமாகத் தருகிறது.

கோர்ட் தளங்களை ஒரே சேவையாக எண்ணி மதிப்பிட முடியாது. நாடு முழுக்க 3,100-க்கு மேல் கவுன்டிகள் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவுகள்). லூசியானாவில் அவற்றுக்குப் பெயர் பாரிஷ், அலாஸ்காவில் பரோ. பெடரல் கோர்ட் பதிவுகளுக்கான பேசர் தளத்தில் உங்கள் ஸ்பீடிங் டிக்கெட் கிடைக்காது. நேஷனல் பார்க்கில் ரேஞ்சர் கொடுத்த டிக்கெட் மட்டும் பெடரல் பக்கம் போகும். ஆனால் அதற்கும் பேசர் இடமில்லை, பெடரல் டிக்கெட்டுகளைக் கையாளும் சென்ட்ரல் வயலேஷன்ஸ் பியூரோவைத்தான் கேட்க வேண்டும்.

தேடலில் தோற்பவர்களில் பெரும்பாலோர் தவறான கோர்ட்டில் தேடியவர்கள். தாள் கையில் இருந்தால் கோர்ட்டின் பெயரும் ஆஜராக வேண்டிய முகவரியும் அதிலேயே இருக்கும். தாள் இல்லையென்றால் இரண்டு விஷயம் நினைவுக்கு வந்தால் போதும்: எந்த இடத்தில் நிறுத்தினார்கள், நிறுத்தியது யார். டெக்சஸில் சிட்டி போலீஸ் கொடுத்த டிக்கெட் வழக்கமாக அந்த ஊரின் முனிசிபல் கோர்ட்டுக்குப் போகும். கவுன்டி ஷெரிஃபோ மாநில போலீஸான ஸ்டேட் ட்ரூப்பரோ கொடுத்திருந்தால் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் கோர்ட். ஒரே கவுன்டிக்குள் அப்படிப்பட்ட கோர்ட்டுகள் பிரீசிங்க்ட் என்ற பகுதிவாரியாகப் பல இருக்கும். ஒன்றின் பதிவு அடுத்ததில் தெரியாமல் போகலாம். மாநில அளவிலான ரீசர்ச்-டி.எக்ஸ் தளத்தைப் பார்த்துச் சிலர் மகிழ்ந்துபோகிறார்கள். டிக்கெட் தேட அது சரியான இடம் அல்ல.

நியூயார்க் நகரத்துக்குள் கொடுத்த சாதாரண மூவிங் வயலேஷன் (வண்டி ஓட்டும்போது செய்த மீறல்) கோர்ட்டுக்கே போவதில்லை. மோட்டார் வாகனத் துறையான டி.எம்.வி நடத்தும் டிராஃபிக் வயலேஷன்ஸ் பியூரோதான் அதை விசாரிக்கிறது. நகரத்தைத் தாண்டினால் டவுன், வில்லேஜ் ஜஸ்டிஸ் கோர்ட்டுகள். சிறிய ஊர்களில் இந்தக் கோர்ட் வாரத்தில் ஓரிரு மாலைகள்தான் கூடும், ஆன்லைன் தேடலும் இருக்காது. போன் செய்யும்போது வாய்ஸ்மெயிலில் டிக்கெட் எண்ணையும் தேதியையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், அப்போதுதான் திருப்பி அழைப்பார்கள். நாசோ, சஃபோக் கவுன்டிகளில் இதற்கென்றே தனி டிராஃபிக் ஏஜென்சி இருக்கிறது. நியூ ஜெர்சியில் எல்லாம் முனிசிபல் கோர்ட். என்.ஜே.எம்.சி-டைரக்ட் தளம் வேகமானது, ஆனால் கோர்ட் எண், டிக்கெட்டின் முன்னெழுத்து, டிக்கெட் எண், வண்டியின் பிளேட் எண் எல்லாம் கேட்கும். தாளைத் தொலைத்தவருக்கு அது பூட்டிய கதவுதான். ஜார்ஜியாவில் ஸ்டேட் கோர்ட் இல்லாத கவுன்டிகளில் டிராஃபிக் கேஸைப் பார்ப்பது புரோபேட் கோர்ட். உயிலைப் பதியும் இடம் என்று நினைத்து அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

நன்றாகச் செய்திருக்கும் மாநிலங்களும் உண்டு. இண்டியானாவின் மைகேஸ் தளம் இவற்றில் முதலிடத்துக்குத் தகும். 92 கவுன்டிகளும் ஒரே தேடலில் வரும், கேஸ் எண்ணே கதை சொல்லும். முதல் இரண்டு இலக்கம் கவுன்டி. 49 என்றால் மேரியன், அதாவது இண்டியானாபொலிஸ். நடுவில் வருடமும் மாதமும், அதற்குப் பிறகு ஐ.எஃப் என்று இருந்தால் சாதாரண டிராஃபிக் மீறல். பென்சில்வேனியாவின் யூ.ஜே.எஸ் போர்ட்டலும் அதே தரம். மாஜிஸ்டீரியல் கோர்ட் கேஸின் டாக்கெட் ஷீட் (கேஸில் நடந்தவற்றின் பட்டியல்) இலவச பி.டி.எஃப் ஆகக் கிடைக்கிறது. அபராதம் எவ்வளவு, கட்டியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பதுவரை அதில் வரும். எண்ணில் டி.ஆர் இருந்தால் டிராஃபிக், என்.டி என்றால் வேறு. விஸ்கான்சினின் சர்க்யூட் கோர்ட் தளம் பழையது, ஆனால் தடுமாறாது. ஒரு குறை: முனிசிபல் கோர்ட்டுக்குப் போன ஊர் டிக்கெட் அதில் வராது. அங்கே இல்லை என்று வந்தால் கேஸே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வடக்கு கரோலினா 2023 பிப்ரவரியில் வேக் உள்ளிட்ட 4 கவுன்டிகளில் புது போர்ட்டலைத் தொடங்கி, படிப்படியாக மற்றவற்றுக்கும் கொண்டுபோனது. அதற்கு முன் கோர்ட்டுக்கே போய் அங்குள்ள டெர்மினலில் தேட வேண்டியிருந்தது.

கலிஃபோர்னியாவில் 58 சுப்பீரியர் கோர்ட்டுக்கும் தனித்தனி தளம், தரமும் தனித்தனி. ஒரு கவுன்டியில் டிக்கெட் எண் போட்டதும் எல்லாம் வரும். அடுத்ததில் பணம் கட்டும் பக்கம் மட்டுமே இருக்கும், கேஸ் முடிந்ததும் அதிலிருந்தும் மறைந்துவிடும். இவ்வளவு பெரிய மாநிலத்தில் இது வருத்தமான நிலை.

பெயர் வைத்துத் தேடும்போது நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருப்பவருக்கு அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழுந்துவிடும். லைசென்ஸிலும் அப்படியே போய், டிக்கெட்டிலும் அதுவே ஏறும். ஆகவே எஃப்.என்.யூ-வையே முதல் பெயராகப் போட்டும் தேடுங்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயராக வைத்தவர்கள் இரண்டு வரிசையிலும் தேட வேண்டும். நீளமான பெயரை சிஸ்டம் பாதியில் வெட்டியிருக்கும். போலீஸ்காரர் கையால் எழுதியிருந்தால் ஓர் எழுத்து மாறியிருக்கும். பல கவுன்டிகள் பயன்படுத்தும் டைலர் நிறுவனத்தின் போர்ட்டல்களில் குடும்பப் பெயர், கமா, முதல் பெயர் என்ற வரிசையில் போட வேண்டும். முதல் நான்கைந்து எழுத்தோடு நட்சத்திரக் குறி சேர்த்தால் வெட்டுப்பட்ட பெயரும் அகப்படும். பிறந்த தேதி கேட்டால் மாதம் முதலில், நாள் பிறகு. இதை மாற்றிப் போட்டுவிட்டு பதிவு இல்லை என்று நம்பிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. புது டிக்கெட் என்றால் அவசரப்படாதீர்கள். போலீஸ் அதை கோர்ட்டில் தாக்கல் செய்து, பதிவுகளைக் கவனிக்கும் கோர்ட் அலுவலரான கிளர்க் ஏற்றிய பிறகுதான் தெரியும், அதற்குச் சில நாளும் ஆகலாம், இரண்டு மூன்று வாரமும் ஆகலாம்.

பதிவு கிடைத்ததும் பார்க்க வேண்டிய வரி டிஸ்போசிஷன், அதாவது கேஸ் எப்படி முடிந்தது என்பது. முதலில் போட்ட குற்றச்சாட்டும் கடைசியில் தீர்ந்த குற்றச்சாட்டும் வேறாக இருக்கலாம். ஸ்பீடிங் என்று தொடங்கி வேறு சிறிய மீறலாகக் குறைந்திருக்கும். படிவங்களில் பதில் சொல்லும்போது இந்த இரண்டாவதும் அதன் தேதியும் கையில் இருக்க வேண்டும். கேஸ் மூடப்பட்டது என்று போட்டிருந்தாலும் பாக்கித் தொகைக் கட்டத்தைப் பாருங்கள். கோர்ட் கட்டணம் 20 டாலர் விட்டுப்போய் லைசென்ஸ் முடங்கும் அளவுக்குப் போவதும் உண்டு. ஆஜராகவில்லை என்ற குறிப்பு தெரிந்தால், வேறு எதுவும் செய்வதற்கு முன் டிராஃபிக் வழக்கறிஞர் ஒருவரிடம் பேசுங்கள்.

கோர்ட் பதிவு வேறு, டி.எம்.வி-யில் இருக்கும் டிரைவிங் ரெக்கார்ட் வேறு. மீறலுக்கான பாயின்ட் ஏறுவது இரண்டாவதில். கோர்ட் அனுப்பும் தகவல் போய்ச் சேராமல் இரண்டும் முரண்பட்டால், கோர்ட் முத்திரையிட்ட சர்டிஃபைட் காப்பியைக் காட்டித்தான் டி.எம்.வி-யில் திருத்த முடியும். ஸ்க்ரீன்ஷாட் பொதுவாகச் செல்லாது.

சர்டிஃபைட் காப்பியை கிளர்க் அலுவலகம் தரும். கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஃப்ளோரிடாவில் பக்கத்துக்கு 1 டாலர், முத்திரைக்கு 2 டாலர். கலிஃபோர்னியாவில் பக்கத்துக்கு 50 சென்ட், முத்திரைக்கு 40 டாலர், தேடலுக்கு 10 நிமிடத்துக்கு மேல் ஆனால் இன்னொரு 15 டாலர். இந்த 15 டாலரை மிச்சப்படுத்த ஒரே வழி, கேஸ் எண்ணை முன்கூட்டியே கண்டுபிடித்து எழுதுவது. கடிதத்தில் டிக்கெட்டில் இருக்கும் அதே எழுத்துக்கூட்டலில் பெயர், பிறந்த தேதி, டிக்கெட் எண், டிக்கெட் தேதி, போன் எண். "சர்டிஃபைட் டிஸ்போசிஷன்" வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். வெறும் காப்பி என்றால் முத்திரையில்லாத தாள் வரும். தபாலில் கேட்டால் மணி ஆர்டரும், ஸ்டாம்ப் ஒட்டி உங்கள் முகவரி எழுதிய கவரும் வையுங்கள். பர்சனல் செக்கைச் சில கோர்ட்டுகள் திருப்பி அனுப்பிவிடும்.

சிட்டிசன்ஷிப்புக்காக என்றால் முதலில் அதற்கான விண்ணப்பப் படிவமான என்-400-இன் அறிவுரைத் தாளைப் படியுங்கள். கைது இல்லை, மதுவோ போதைப்பொருளோ சம்பந்தப்படவில்லை, தண்டனை 500 டாலருக்குக் குறைந்த அபராதமும் பாயின்ட்டும் மட்டும் என்றால் கோர்ட் தாள் இணைக்கத் தேவையில்லை என்று அது சொல்லி வந்திருக்கிறது. தாக்கல் செய்யும் நாளில் நடப்பில் இருக்கும் பதிப்பைச் சரிபாருங்கள். குடித்துவிட்டு ஓட்டிய கேஸ் இந்தக் கணக்கில் வராது. அதற்கு முழு ஃபைலும் வேண்டும், வழக்கறிஞரும் வேண்டும்.

டிராஃபிக் ஃபைலைப் பெரும்பாலான கோர்ட்டுகள் என்றென்றைக்கும் வைத்திருப்பதில்லை. வர்ஜீனியாவின் ஜெனரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டில் 10 வருடம். சில மாநிலங்களில் சாதாரண டிக்கெட் அதைவிட மிகச் சீக்கிரம் போய்விடும். அழித்தாகிவிட்டது என்று கிளர்க் போனில் சொன்னால் அதோடு வைத்துவிடாதீர்கள். இந்தப் பெயரில், இந்தத் தேதியில் உள்ள பதிவு இப்போது இல்லை என்று முத்திரையோடு ஒரு கடிதம் கேளுங்கள். கோர்ட் தாள் கேட்கும் அலுவலகத்தில் அந்தக் கடிதத்தைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.