மனவளக்கலை குண்டலினிப் பயிற்சி: ஏற்றுவதோடு இறக்கவும் சொல்லித்தரும் வகுப்பு

வேதாத்திரி மகரிஷி வகுத்த யோகப் பயிற்சி மனவளக்கலை. அதைச் சொல்லித்தரும் மன்றத்தில் சேர்ந்ததும் முதலில் கிடைப்பது ஆக்கினை தீட்சை, அதாவது புருவ மத்தியில் கவனத்தை நிறுத்த ஆசிரியர் தரும் தொடக்கம். குண்டலினி என்ற உள்சக்தி, முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் மூலாதாரத்தில் தொடங்கி ஒவ்வொரு சக்கரமாக ஏற வேண்டும் என்று படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கேயே குழம்பிவிடுவார்கள். ஆறாவது படியில் கொண்டுபோய் முதலில் நிறுத்துகிறார்களே என்று தோன்றும். அப்படி நிறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கடுத்த பாடத்திலேயே கீழே இறக்கவும் சொல்லித்தருகிறார்கள். இந்தப் பயிற்சியின் பலமே அந்த இரண்டாம் பாடம்தான்.

கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி (1911–2006), பரஞ்சோதி மகானிடம் தீட்சை பெற்றவர். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகும் வழியில், ஆழியாறு அணைக்குப் பக்கத்தில் இருக்கும் அறிவுத்திருக்கோயில்தான் இந்தப் பயிற்சிக்குத் தலைமை இடம். தங்கிப் படிக்கும் வகுப்புகள் அங்கே நடக்கின்றன. ஆனால் பெரும்பாலானவர்கள் படிப்பது உள்ளூர் மன்றங்களில், காலையிலோ மாலையிலோ. வேலைக்குப் போகிறவர்களுக்கும் வீட்டைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் ஏற்றபடி அமைத்ததால்தான் இதற்கு 'எளியமுறை குண்டலினி யோகம்' என்று பெயர்.

பழைய முறையில் குண்டலினியை எழுப்பும் கருவி மூச்சு. விநாயகர் அகவலில் ஔவை 'மூலாதாரத்தின் மூண்டெழு கனலைக் காலால் எழுப்பும்' என்று சொல்வது இதைத்தான். அங்கே கால் என்றால் காற்று, அதாவது பிராணன். மூச்சை இழுத்து, அடக்கி, தசைகளை இறுக்கிப் பூட்டும் பந்தங்கள் போட்டு, கனலை மேலே தள்ளுவது. குருவின் பக்கத்திலேயே பல வருடம் இருந்து செய்ய வேண்டிய காரியம். கும்பகத்தை, அதாவது மூச்சை அடக்கும் நேரத்தை, தானாகவே கூட்டிக்கொண்டே போய், படபடப்பும் தூக்கமின்மையும் வந்து அவதிப்படுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. மனவளக்கலையில் தியானத்தைத் தவம் என்பார்கள். அந்தத் தவத்தில் மூச்சை அடக்குவது கிடையாது. ஆசிரியரின் தொடுதலும் மாணவரின் கவனமும் மட்டுமே கருவி. இல்லறத்தில் இருப்பவர்களுக்கு இது சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தீட்சை எப்படி நடக்கும்? தரையில் சுகாசனம், முடியாதவர்களுக்கு நாற்காலி. முதுகுத்தண்டு நேராக, கை சின் முத்திரையில், கண் மூடி. ஆசிரியர் ஆள்காட்டி விரல் நுனியைப் புருவ மத்தியில் மெதுவாக வைத்துச் சில விநாடி கழித்து எடுத்துவிடுவார். விரல் போன பிறகும் அந்த இடத்தில் ஏதோ இருப்பதுபோலத் தெரியும். சிலருக்கு நாடி துடிப்பதுபோல, சிலருக்கு எறும்பு ஊர்வதுபோல, சிலருக்குச் சின்னக் காசை ஒட்டிவைத்ததுபோல ஒரு பாரம். இதை ஜீவகாந்த (உயிர்க்காந்த) அழுத்தம் என்று பாடத்தில் விளக்குகிறார்கள். அந்த விளக்கத்தை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் நடைமுறைப் பலன் ஒன்றுதான்: அலையும் மனத்துக்குப் போய் நிற்க ஒரு முளை கிடைக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடம் அந்தத் துடிப்பைக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

பாதிப் பேர் இந்த இடத்தில்தான் தவறு செய்கிறார்கள். 'புருவ மத்தியைக் கவனி' என்றதும், மூடிய இமைக்குள்ளேயே கருவிழியை மேலே உருட்டி அந்த இடத்தைப் பார்க்கப் பார்ப்பார்கள். நெற்றி சுருங்கும், பல் கடிபடும், தோள் காதை நோக்கி ஏறும். பத்து நிமிடத்தில் தலை பாரமாகிவிடும். அதையே 'சக்தி ஏறிவிட்டது' என்று நினைத்துக்கொண்டு மறுநாள் இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். அது சக்தி இல்லை, கண் தசையின் வலி. சரிபார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. தவத்தின் நடுவில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் இருக்கின்றனவா, நாக்கு தளர்ந்திருக்கிறதா, கருவிழி தூங்கும்போது இருப்பதுபோலச் சும்மா கிடக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் தளர்ந்த பிறகும் துடிப்பு தெரிந்தால் அதுதான் ஆக்கினையில் நிற்பது. நல்ல ஆசிரியர் 'பார்க்காதீங்க, உணருங்க' என்று திரும்பத் திரும்பச் சொல்லுவார். இதைச் சொல்லாமல் விரலை மட்டும் வைத்துவிட்டுப் போகிற இடத்தில் கற்க வேண்டாம்.

ஒளி தெரிவது, நிறம் தெரிவது, உடம்பு லேசாக ஆடுவது, காரணமில்லாமல் கண்ணீர் வருவது எல்லாம் இந்தக் கட்டத்தில் சாதாரணம். கண்ணை மூடி இருட்டில் இருந்தால் தவமே செய்யாதவருக்கும் நிறப்புள்ளிகள் தெரியும். வந்தால் வரட்டும், போனால் போகட்டும். பக்கத்தில் இருப்பவர் நீல ஒளியைப் பார்த்தேன் என்று சொன்னதைக் கேட்டு, நமக்கு வரவில்லையே என்று ஏங்குவதுதான் உண்மையான கெடுதல்.

இனி இரண்டாம் பாடம். ஆக்கினைக்கு அடுத்துத் தருவது சாந்தி தவம். கவனத்தைப் புருவ மத்தியிலிருந்து எடுத்து, பின்தலை, பிடரி, முதுகுத்தண்டு வழியாக அடி வரைக்கும், மூலாதாரத்துக்கு இறக்குவது. ஆசிரியர் முதுகுத்தண்டின் அடியைத் தொட்டு உணர்த்துவார். பெண்களுக்குப் பெண் ஆசிரியரே தொட வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. மேலே இருந்த துடிப்பு மங்கி, கீழே வெதுவெதுப்பாக ஒரு அசைவு தெரியும். சிலருக்கு முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றுமே தெரியாது. வெறும் தரையில் உட்கார்ந்து அடிப்பகுதி மரத்துப்போவதுதான் பெரும்பாலும் காரணம். போர்வையை மடித்து, இடுப்பு முழங்காலைவிட நாலு விரற்கடை உயரமாக இருக்கும்படி வைத்துக்கொண்டால் தண்டு தானாக நிமிரும், மரமரப்பும் இருக்காது.

மேல் மையங்களில் தவம் செய்து, அழுத்தம் தாங்கமுடியாமல் போனால் திரும்பி வர ஒரு வழி வேண்டும். சாந்தி தவம் அந்த வழி. காஷ்மீரைச் சேர்ந்த கோபி கிருஷ்ணாவுக்கு (1903–1984) நடந்ததை நினைத்துப் பாருங்கள். குரு என்று யாரும் இல்லாமல் 17 வருடம் உச்சந்தலையில் மனத்தை வைத்துத் தியானித்தவர். 1937 டிசம்பரில், ஜம்முவில் ஒரு காலை நேரத் தியானத்தில், தண்டின் வழியாக ஒளிப்பெருக்கு ஏறி மூளைக்குள் பாய்ந்ததை உணர்ந்தார். பேரானந்தம் கொஞ்ச நேரம்தான். பிறகு உடம்பெல்லாம் தீயாக எரிந்தது. தூக்கம் போனது, சாப்பாடு போனது, உயிரே போய்விடும் என்ற நிலைக்கு வந்தார். சக்தி வலப்பக்கத்துச் சூடான நாடியான பிங்கலை வழியாக ஏறிவிட்டது என்று புரிந்துகொண்டு, இடப்பக்கத்துக் குளிர்ந்த நாடியான இடகலையை மனத்தால் எழுப்பியபோதுதான் எரிச்சல் அடங்கியது. அவருக்கு ஏறத் தெரிந்திருந்தது. இறங்குவதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. மனவளக்கலையில் அந்தப் பாடம் தொடக்கத்திலேயே கையில் கிடைத்துவிடுகிறது.

ஆனாலும் பலர் சாந்தியை ஏதோ ஆரம்பநிலைப் பாடம் என்று ஒதுக்கிவிட்டு, துரியம், துரியாதீதம் என்ற மேல்நிலைத் தவங்களிலேயே நிற்கிறார்கள். சில வாரத்தில் கண்ணெரிச்சல், வாய்ப்புண், விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, சின்ன விஷயத்துக்குச் சுள்ளென்று கோபம், உச்சந்தலையில் தொப்பி மாட்டியதுபோன்ற இறுக்கம் என்று ஒவ்வொன்றாக வரும். அப்படி வந்தால் மேல் தவம் அத்தனையையும் நிறுத்திவிட்டு, காலையும் மாலையும் 15 நிமிடம் சாந்தி மட்டும் செய்ய வேண்டும். விரதம் வேண்டாம், நேரத்துக்குச் சாப்பாடு, மோர், எண்ணெய்க் குளியல். வெறுங்காலோடு அரை மணி நடை. இரவு பத்துக்குள் படுக்கை. இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் ஆசிரியரையும் பாருங்கள், மருத்துவரையும் பாருங்கள். உச்சந்தலை இறுக்கம் ரத்த அழுத்தமாகவும் இருக்கலாம், வாய்ப்புண் சத்துக்குறைவாகவும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் குண்டலினி மேல் பழி போடக் கூடாது.

துரியம் உச்சந்தலையில் நிற்கும் தவம். அதற்கு மேல் துரியாதீதம், பஞ்சேந்திரியத் தவம், பஞ்சபூத நவக்கிரகத் தவம், மூலாதாரம் முதல் சிவகளம் என்ற கடைசி மையம் வரைக்குமான ஒன்பது மையத் தவம் என்று நீளும். பாடத்தில் மன அலைச்சுழல் கணக்கும் வரும், விநாடிக்கு இத்தனை சுழல் என்று: பீட்டா 14 முதல் 40, ஆல்ஃபா 8 முதல் 13, தீட்டா 4 முதல் 7, டெல்டா 1 முதல் 3. தவம் ஆழமாக ஆக, அலை குறைந்துகொண்டே வரும் என்பார்கள். மூளை அலைக்கு இந்தப் பிரிவுகள் உண்டு. ஆனால் கருவி வைத்து அளக்காமல் யார் எந்த அலையில் இருக்கிறார் என்று சொல்ல முடியாது. தூக்கம் சொக்கும்போதும் தீட்டா வரும், ஆழ்ந்த தூக்கத்தில் டெல்டா வரும். தவத்தில் தலை முன்னால் தொங்கி, வாய் திறந்து, முடிந்ததும் நேரம் போனதே தெரியவில்லை என்றால், அது துரியாதீதம் இல்லை, தூக்கம். கழுத்து நேராக நின்று, வெளிச்சத்தமும் காதில் விழுந்து, ஆனால் மனம் அதன் பின்னால் போகாமல் இருந்தால்தான் தவம்.

உடற்பயிற்சியைப் பற்றி ஒன்று. கை, கால், மூச்சு, கண், கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், உடல் தளர்த்தல் என்ற ஒன்பதும் சேர்ந்து முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வயதானவர்களும் செய்யலாம். இதை விட்டுவிட்டுத் தவத்துக்கு மட்டும் வருகிறவர்களுக்குத்தான் முதுகுவலி, மரமரப்பு, பாரம் எல்லாம் அதிகம். மல்லாந்து படுத்து, காலை ஒரு பக்கமும் தலையை மறுபக்கமும் திருப்பும் மகராசன முறுக்கை மட்டுமாவது விடாதீர்கள். அரைமணி நேரம் தண்டு நிமிர்ந்து நிற்க அதுதான் கைகொடுக்கும். ரத்த அழுத்தம், குடலிறக்கம் உள்ளவர்களும் அண்மையில் வயிற்று அறுவை முடிந்தவர்களும் கபாலபதியைத் தவிர்க்க வேண்டும். காயகல்பத்தைத் தனி வகுப்பாகத் தருகிறார்கள். ஆசனவாய்த் தசையைச் சுருக்கி விரிக்கும் அஸ்வினி முத்திரையும் ஓஜஸ் மூச்சும் அதில் அடக்கம். வெறும் வயிற்றில்தான் செய்ய வேண்டும். கர்ப்பிணிகள் வேண்டாம். வீடியோ பார்த்துச் செய்தால் ஆசனவாயோடு வயிறு, தொடை எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கிவிடுவார்கள். ஆசிரியர் முன்னால் ஒருமுறை செய்து காட்டித் திருத்திக்கொள்வதே மேல்.

தன் மனத்தைத் தானே ஆராயும் அகத்தாய்வு என்ற பகுதியைத்தான் மக்கள் மிகவும் அலட்சியப்படுத்துகிறார்கள். தவம் கூடக் கூட, உள்ளே அடங்கிக் கிடந்த கோபமும் பயமும் மேலே வரும். குண்டலினி விழிப்பு அனுபவம் என்று வருகிறவற்றில் பாதி இதுதான். அதற்கு இங்கே பேனாவும் தாளும் தருகிறார்கள். யார் யார் மேல் சினம் வருகிறது, எத்தனை முறை, எதற்காக என்று பட்டியல் எழுதி, ஒவ்வொருவரையும் தவத்தின் முடிவில் பெயர் சொல்லி 'வாழ்க வளமுடன்' என்று வாழ்த்த வேண்டும். கவலைகளை நாலாகப் பிரிக்கச் சொல்வார்கள்: அனுபவித்தே தீர்க்க வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. மகளின் கல்லூரிக் கட்டணம் எந்தப் பத்தியில், மாமியார் போன வருடம் சொன்ன சொல் எந்தப் பத்தியில் என்று எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இதற்கு ஒரு மணி நேரத் தவத்தின் பலன் உண்டு. கூச்சப்பட்டு மேலோட்டமாக எழுதினால் பயனில்லை. தாளை யாரிடமும் காட்டத் தேவையில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். மன்றத்துக்கு மன்றம், ஆசிரியருக்கு ஆசிரியர் தரம் மாறுகிறது. சில இடங்களில் மாணவர் ஆக்கினையில் நின்றாரா என்று கேட்காமலேயே அட்டவணைப்படி அடுத்த தீட்சைக்குத் தள்ளிவிடுகிறார்கள். இரண்டு நிலைகளுக்கு நடுவே சில வாரமாவது பழக வேண்டும். பாடங்களின் மொழி கவிதையும் தத்துவமுமாக அடர்த்தியாக இருப்பதால், புதியவர்கள் சோர்ந்துபோகிறார்கள். தவத்தால் நோய் தீர்ந்தது என்ற பேச்சு வகுப்பில் அளவுக்கு மீறி வரும்போது, மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்கிறவர்களும் வருவார்கள். நிறுத்தக் கூடாது. மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, வலிப்பு உள்ளவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்காமல் தீட்சைக்கு உட்காரவே கூடாது. ஆசிரியரிடமும் இதை மறைக்கக் கூடாது. குரல் கேட்பது, நாள்கணக்கில் தூக்கமே தேவைப்படாததுபோல இருப்பது, எனக்குத் தனிப்பணி ஒன்று தரப்பட்டிருக்கிறது என்ற எண்ணம் ஆகியவை வந்தால் அன்றே தவத்தை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டாரும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

சேரும் முன் மன்றத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். ஆக்கினைக்கும் சாந்திக்கும் இடையில் எத்தனை நாள்? அடுத்த தீட்சைக்கு முன்னால் என் தவத்தை யார் சரிபார்ப்பார்? தலை பாரமானால் வகுப்பு இல்லாத நாளில் யாரைக் கூப்பிடுவது? மூன்றுக்கும் பெயரும் நாளும் சொல்லிப் பதில் வந்தால், போர்வை ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு மறுநாள் காலையே போய் உட்காரலாம்.