அன்டான்டெட்: நார்மண்டி – பெட்டிக்குள் போகும் பெயர்கள்

சினிமாவில் நார்மண்டி என்றாலே 1944 ஜூன் 6, இரண்டாம் உலகப் போரில் நேசப்படைகள் வந்து இறங்கிய அந்தப் பிரெஞ்சுக் கடற்கரைதான். ஆஸ்பிரே கேம்ஸ் 2019-இல் வெளியிட்ட இந்த போர்டு கேம் அதற்குப் பிந்தைய வாரங்களை எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் 30-ஆவது காலாட்படை டிவிஷன் கிராமம் கிராமமாக உள்ளே நகர்ந்த நாட்கள். இரண்டு பேர் ஆடலாம்: ஒருவர் அமெரிக்கர், மற்றவர் ஜெர்மானியர். மொத்தம் 12 களங்கள், அதாவது தனித்தனிச் சண்டைகள். ஒன்றை முடிக்க ஒரு மணி நேரம் போதும்.

ஆளுக்கொரு சீட்டுக்கட்டு. சுற்றுக்கு நான்கு சீட்டு எடுத்து, அதில் ஒன்றை யார் முந்துவது என்று பார்க்க இறக்க வேண்டும். பெரிய எண் முந்தும். ஆனால் அந்தச் சீட்டு அந்தச் சுற்றில் வேறெதற்கும் உதவாது; மீதி மூன்றை வைத்துத்தான் சிப்பாய்களை நகர்த்தவோ சுடவைக்கவோ வேண்டும். ஸ்கவுட் (வேவு பார்ப்பவர்) போய்ப் பார்க்காத இடத்துக்கு ரைஃபிள்காரர்கள் நகர முடியாது. ஸ்கவுட் புது இடத்தில் கால்வைக்கும்போதெல்லாம் ‘ஃபாக் ஆஃப் வார்’ (போர் மூட்டம்) என்ற வெற்றுச் சீட்டு நம் சீட்டுக்கட்டில் சேர்ந்துகொள்ளும். அப்புறம், அவசரத்துக்கு வேண்டிய ஆள் கைக்கு வரவே மாட்டான்.

எனக்கு இந்த விளையாட்டு இவ்வளவு பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. ஒவ்வொரு சிப்பாய்ச் சீட்டிலும் ஒரு பெயர் அச்சாகியிருக்கிறது. எதிராளியின் பத்துமுகப் பகடை குறி தப்பாமல் விழுந்தால், அடிபட்ட பிரிவின் சீட்டு ஒன்றை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். என் தம்பி அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்த பிறகுதான் உள்ளே வைப்பான். பலகையில் அந்தப் பிரிவைக் குறிக்கும் அட்டை வில்லை அப்படியே நிற்கும். ஆனால் அதை நகர்த்தும் சீட்டு கைக்கு வருவது குறைந்துகொண்டே போகும். நாயகன் ஒருவன் தனியாக ஓடிப்போய் நூறு பேரைச் சாய்க்கும் படங்களில் இந்தத் தேய்மானத்தைப் பார்க்கவே முடியாது. அங்கே பெயரோடு சாகிறவன் நாயகனின் நண்பன் மட்டும்தான்.

ஆனால் அடுத்த களத்தில் செத்தவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிடுகிறார்கள். 2022-இல் வந்த ‘அன்டான்டெட்: ஸ்டாலின்கிராட்’ இதைச் சரிசெய்தது, அங்கே இழப்பு ஆட்டம் தாண்டியும் தொடரும்.

என்னை உறுத்துவது இன்னொன்று. பலகையில் வீடுகள் இருக்கின்றன, வீட்டுக்குள் யாரும் இல்லை. வீடு என்பது குண்டுக்கு மறைவு தரும் ஓர் எண், அவ்வளவுதான். நார்மண்டிச் சண்டையில் சுமார் 20,000 பிரெஞ்சுப் பொதுமக்கள் இறந்தார்கள். சிப்பாய்க்குப் பெயர் கொடுக்கத் தெரிந்தவர்கள் கிராமத்துக்காரர்களுக்கு ஒரு சீட்டாவது கொடுத்திருக்கலாம். போர்ப் படங்களும் இதே இடத்தில்தான் கண்ணை மூடிக்கொள்கின்றன.

இருந்தாலும் வாங்கலாம். போர் விளையாட்டு என்றால் தடித்த விதிப்புத்தகம் என்று பயந்து ஒதுங்குகிறவர்கள் இதிலிருந்து தொடங்கட்டும். சீட்டில் படிக்க வேண்டிய ஆங்கிலமும் கொஞ்சம்தான். முதல் களத்தை முடிப்பதற்குள் விதிகள் பிடிபட்டுவிடும்.