நெக்ஸ்கார்டு உண்ணி மாத்திரை: தரைத்தளத்தில் நாய் வளர்ப்பவர்களுக்கு

மேற்கு மாம்பலத்தில் தரைத்தள வீடு எங்களுடையது. கதவைத் திறந்தால் கார் பார்க்கிங். அதில் இரண்டு தெருநாய்கள் எப்போதும் படுத்திருக்கும். எங்கள் கருப்பி நாட்டு நாய், பதினாறு கிலோ. இந்த மாத்திரையை இரண்டு வருடத்துக்கும் மேலாக மாதாமாதம் கொடுத்து வருகிறேன். நல்ல மருந்து, தாராளமாக வாங்கலாம். ஆனால் நகரத்தில் நாய் வளர்ப்பவர்கள் இதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் அஃபோக்ஸோலனர். இறைச்சி வாசனையோடு மெல்லும் வில்லை. கருப்பி கையிலிருந்தே வாங்கித் தின்றுவிடுவாள். கழுத்தில் ஊற்றும் சொட்டு மருந்து போட்டால் முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது என்பார்கள். சென்னை மழையில் அது நடக்கிற காரியமா? இதில் அந்தத் தொல்லை கிடையாது. தெள்ளுப்பூச்சி சில மணி நேரத்தில் செத்துவிடுகிறது. உண்ணிக்கு 48 மணி நேரம் வரை ஆகலாம். மாத்திரை கொடுத்த மறுநாள் சீப்பால் வாரினால், காதுமடிப்பிலும் கால்விரல் இடுக்கிலும் இருந்து உண்ணிகள் கால் மடங்கி, காய்ந்து உதிர்வதைப் பார்க்கலாம்.

இது உண்ணியை விரட்டாது, கொல்லத்தான் செய்யும். கடித்து ரத்தம் குடித்தால்தான் மருந்து உண்ணிக்குள் போகும். டிக் ஃபீவர் என்று நாம் சொல்லும் எர்லிக்கியா கிருமியோ, உண்ணி கடித்த சில மணி நேரத்திலேயே நாயின் உடம்புக்குள் போய்விடக்கூடும். உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான பேபீசியாவுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும், அதனால் அதில் மாத்திரைக்கு அவகாசம் உண்டு. ஆக, கடிக்கிற உண்ணிகளின் எண்ணிக்கையைக் குறைத்தாக வேண்டும். அது மாத்திரையால் மட்டும் ஆகாது.

இதை எனக்குப் புரிய வைத்தவர் எங்கள் வாட்ச்மேன் ஐயா. ஒரு நாள், "அம்மா, இங்க வாங்க, செவுத்துல எள்ளு எள்ளா ஏறுது பாருங்க" என்று கூப்பிட்டார். மீட்டர் பெட்டிக்குக் கீழே பூச்சு விரிசல் விட்ட இடத்தில், டார்ச் வெளிச்சத்தில், உண்ணிகள் வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. ஊரில் நாயைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி பெரும்பாலும் நாய் மேல் இருப்பதே இல்லை. குஞ்சு, இளம் உண்ணி, வளர்ந்த உண்ணி என ஒவ்வொரு பருவத்திலும் ஏறி, ரத்தம் குடித்து, இறங்கிவிடும். ரத்தம் குடித்த பெண் உண்ணி சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பசியோடு இருக்கும் உண்ணி, நாயே கிடைக்காவிட்டாலும் பல மாதம் உயிரோடு காத்திருக்கும். நம் ஊர் வெக்கையில் இதற்கு ஓய்வுக் காலமே இல்லை. தரைத்தளம், பழைய சுவர், அடைசல் சாமான், வந்து போகும் தெருநாய்கள், விடுமுறைக்கு விடும் நாய் விடுதி: டிக் ஃபீவர் வருகிற வழிகள் இவைதாம்.

இரண்டாம் மாடி மாமி வீட்டு லாப்ரடாருக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. ஈறு வெளுத்திருந்தது. ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் தரையில் கிடந்தது. நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்துத் தேற்றினார்கள். அதற்கப்புறம் மாமியே குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, "பார்க்கிங் நாய்களுக்கும் மாத்திரை வாங்குவோம்" என்றார். டாக்டரிடம் கேட்டு, எடையைப் பார்த்து, பொறைக்குள் வைத்துக் கொடுக்கிறோம். பிடித்து அழுத்திச் சொட்டு மருந்து போட அந்த நாய்கள் விடாது. பொறையென்றால் வாலை ஆட்டிக்கொண்டு வந்துவிடும். மருந்து தின்ற ஒவ்வொரு நாயும் நடமாடும் எலிப்பொறி மாதிரி. ஏறுகிற உண்ணி முட்டையிடாமலே முடிந்துபோகிறது. கூடவே சுவர் விரிசலை சிமெண்ட் வைத்து அடைத்தோம், பழைய மெத்தையைத் தூக்கி எறிந்தோம், பூச்சிமருந்து அடிக்க ஆள் வைத்தோம். பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து பூனைக்கு விஷம், அதனால் பூனை நடமாடும் கட்டடத்தில் என்ன மருந்து அடிக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது கருப்பி மேல் உண்ணி பார்ப்பது அபூர்வம்.

சாதாரண நெக்ஸ்கார்டு குடற்புழுவுக்கு எதுவும் செய்யாது. நெக்ஸ்கார்டு ஸ்பெக்ட்ரா என்று வருவதில் மில்பெமைசின் என்ற புழுமருந்து சேர்த்திருப்பதால் கொக்கிப்புழு, உருண்டைப்புழுவுக்கும், கொசு பரப்பும் இதயப்புழுவைத் தடுக்கவும் உதவும். தொடங்கும் முன் இதயப்புழுவுக்கு ரத்தப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். நாடாப்புழுவுக்கு இரண்டுமே போதாது. ஆசனவாயில் அரிசிமணி போல ஒட்டியிருந்தால் பிராசிகுவாண்டல் என்ற புழுமருந்து வேண்டும்.

வாங்கும்போது எடை முக்கியம். 2 முதல் 4 கிலோ, 10 கிலோ வரை, 25 கிலோ வரை, 50 கிலோ வரை என்று தனித்தனி அளவு இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கடை ஒன்றில் எடையே கேட்காமல் பெரிய நாய் மாத்திரையைப் பாதியாக வெட்டிக்கொள்ளச் சொன்னார்கள். எனக்குக் கோபமே வந்தது. அப்படிச் செய்யாதீர்கள். வலிப்பு வந்த நாயாக இருந்தால் டாக்டரிடம் பேசாமல் தொடவே வேண்டாம். இந்த வகை மருந்துகளால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018இல் எச்சரித்தது. கருப்பிக்கு இதுவரை ஒன்றும் இல்லை. முதல் மாத்திரை அன்று மட்டும் ஒருமுறை வாந்தி எடுத்தாள்.

விலை அதிகம்தான், மாதாமாதம் கை கடிக்கும். பணம் கொஞ்சமே இருந்தால், ஃபேன்சி கழுத்துப்பட்டையையும் ஷாம்புவையும் விட்டுவிட்டு மாத்திரையையும் சிமெண்டையும் வாங்குங்கள்.