நட்சத்திர வீரரா, களத்துப் பயிற்சியாளரா?

விளையாட்டு உடை பிராண்டைத் தொடங்குபவர்களில் பலர், விளம்பரத்துக்கென ஒதுக்கிய பணத்தைப் புகழ்பெற்ற வீரரின் ஒப்பந்தத்தில் போடுவதா, அன்றாடம் களத்தில் நிற்கும் பயிற்சியாளர்களுக்கு உடைகளைக் கொடுத்து அணியச் செய்வதா என்று தயங்குகிறார்கள்.

செலவு: நட்சத்திர வீரருக்கு, ஒரு சட்டை விற்கும் முன்பே பெருந்தொகை போய்விடும். பயிற்சியாளருக்கு ஆவது பெரும்பாலும் உடையின் அடக்கவிலைதான்.

வேகம்: முன்னது ஒரே நாளில் பெயரைப் பரப்பும், பின்னதற்கு மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும்.

நிலைப்பு: 1984இல் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனை ஒப்பந்தம் செய்த நைக்கி, மறு ஆண்டே அவர் பெயரில் காலணியைக் கொண்டுவந்தது, அந்தப் பெயர் இன்றும் விற்கிறது. ஆனால், அப்போதே நைக்கி பெரிய நிறுவனம் என்பதை மறந்துவிடக் கூடாது. அதை நிறுவியவர்களில் ஒருவரான ஃபில் நைட், 1960களில் தடகளப் போட்டிகள் நடக்கும் இடங்களுக்கே காரில் காலணிகளை ஏற்றிச் சென்று விற்றவர்.

குறையறிதல்: என் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுவே. பத்தாவது கிலோமீட்டரில் அக்குள் தையல் உரசித் தோல் சிவந்துவிடுவதையும், இருபது முறை துவைத்தபின் இடுப்பு எலாஸ்டிக் தளர்ந்து மடிவதையும் பயிற்சியாளர்தான் நேரில் கொண்டுவந்து காட்டுவார். அடுத்த தொகுதியைத் தைக்கும் முன் கிடைக்கும் இந்தத் தகவலை எந்த விளம்பரமும் தராது.

ஆகவே, கடைகளில் சரக்கு நிறைந்திருந்து, தேவை திடீரெனப் பெருகினாலும் ஈடுகொடுத்துத் தைக்கக்கூடிய நிறுவனத்துக்கு நட்சத்திர ஒப்பந்தம் பொருந்தும். முதல் ஆயிரம் உடைகளை விற்கப் பாடுபடுபவர் பயிற்சியாளர்களிடமே செல்லட்டும்.