கஃபே மொமெண்டம், டாலஸ்: சமையலறையே வகுப்பறையான உணவகம்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள டாலஸ் நகர மையத்தில் நல்ல உணவகங்களுக்குக் குறைவில்லை. இருந்தும் கஃபே மொமெண்டத்தைப் பற்றித் தனியாக எழுதுவதற்குக் காரணம், அங்கே சமைப்பதும் பரிமாறுவதும் பாத்திரம் கழுவுவதும் சிறார் நீதிமன்றம் வரை சென்று வந்த, 15 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகள் என்பதே. தேர்ந்த சமையற்கலைஞர்களின் மேற்பார்வையில், ஊதியத்துடன் ஓராண்டுக் காலம் அவர்கள் இங்கே பயிற்சி பெறுகிறார்கள்.

முதலில் உணவு. பிள்ளைகள் மீது இரக்கப்பட்டு, சுவையைப் பொறுத்துக்கொண்டு சாப்பிட வேண்டிய இடம் இதுவல்ல. இங்கு பெயர்பெற்ற உணவு புகையூட்டிப் பின் பொரித்த கோழி. தோல் மொறுமொறுவென்று இருக்க, உள்ளே சாறு வற்றாமல், எலும்பு வரை புகைமணம் இறங்கியிருந்தது. உணவுப் பட்டியல் பருவத்துக்கேற்ப மாறுவதால், சைவம் மட்டும் உண்பவர்கள் முன்பதிவு செய்யும்போதே அதைச் சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் மேசைக்குப் பரிமாறிய பையன் ஒவ்வொரு தட்டையும் வைக்கும் முன் அதன் விளிம்பைத் துணியால் ஒருமுறை துடைத்தான். உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று நிதானமாகச் சொன்னான். பக்கத்து மேசையில் ஒருவர், சாஸில் கொட்டைப் பருப்பு ஏதும் உண்டா என்று கேட்டபோது அவன் ஊகித்து எதையும் சொல்லவில்லை. "சமையலறையில் கேட்டு வந்து சொல்கிறேன்" என்று போய், விடையோடு திரும்பினான். ஒவ்வாமை உள்ள வாடிக்கையாளருக்கு அந்தப் பதில் எத்தனை முக்கியம் என்பதை அவனுக்கு யாரோ பொறுமையாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

இதன் தொடக்கம் 2008. சாட் ஹவுசர் என்னும் சமையற்கலைஞர், காவலில் இருந்த எட்டுச் சிறுவர்களுக்கு ஐஸ்கிரீம் செய்யக் கற்றுத்தரச் சென்றார். நகரின் உழவர் சந்தையில் நடந்த போட்டியில் அவர்களுள் ஒருவனே வென்றான். அந்தப் பிள்ளைகளைப் பார்க்கும் முன்பே தம் மனத்தில் அவர்களைப் பற்றி ஒரு முடிவு கட்டியிருந்ததை ஹவுசர் பின்னாளில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். 2011 முதல் பிற உணவகங்களில் அவ்வப்போது ஓரிரவு விருந்துகளாக நடந்துவந்த இம்முயற்சி, 2015 ஜனவரியில் சொந்த உணவகமாக நிலைபெற்றது.

பயிற்சி மாணவர் எவரும் ஒரே வேலையில் நிறுத்தப்படுவதில்லை. பாத்திரம் கழுவுமிடம், காய்கறி நறுக்குமிடம், அடுப்பு, வரவேற்பு, பரிமாறுதல் என எல்லாவற்றையும் சுற்றிவர வேண்டும். இதற்கு இணையாக, விட்டுப்போன பள்ளிப் படிப்பைத் தொடர உதவி, மனநல ஆலோசனை, பணத்தைக் கையாளும் பயிற்சி, ஏற்கெனவே பெற்றோராகிவிட்டவர்களுக்குக் குழந்தை வளர்ப்பு வகுப்பு ஆகியவையும் நடக்கின்றன. இந்தச் சேவையின் உயிர்நாடி இதுவே என்று நான் கருதுகிறேன். இரவு தங்க இடமில்லாத பையனிடம் இயற்கணிதத்தை மட்டும் நீட்டினால் அவன் மறுநாள் வரமாட்டான். சம்பளமும் பாடமும் அவனை விசாரிக்க ஓர் ஆளும் ஒரே கூரையின்கீழ் இருந்தால் வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

டெக்சஸின் பின்னணி தெரிந்தால் இதன் அருமை இன்னும் விளங்கும். 2015 செப்டம்பர் வரை இம்மாநிலத்தில் பள்ளிக்கு மட்டம் போடுவதே குற்றம். 500 டாலர் வரை அபராதம் விதிக்க முடிந்தது. 2012இல் டாலஸ் கவுண்டியில் (மாவட்டத்தில்) மட்டும் 36,000க்கும் மேற்பட்ட இத்தகைய வழக்குகள் நடந்தன. பள்ளிக்கு வராத பிள்ளையை நீதிமன்றத்துக்கு அழைத்து, கட்ட முடியாத அபராதத்தைத் தலையில் ஏற்றி, குற்றப்பதிவோடு திருப்பி அனுப்பிய காலம் அது. சட்டம் மாறிய பிறகும் ஒரு கடுமை எஞ்சியிருக்கிறது: 17 வயதில் கைதாகும் பிள்ளை இன்றும் இங்கே வயது வந்தோருக்கான நீதிமன்றத்தில்தான் நிறுத்தப்படுகிறது.

குறை என்று சொல்வதானால், அளவைத்தான் சொல்ல வேண்டும். ஓர் உணவகம் எத்தனை பிள்ளைகளுக்கு இடம் தர முடியும்? உணவு விற்ற பணம் இத்தனை சேவைகளுக்கும் போதாது. நன்கொடைகளே பெரும் தாங்கல். 2023இல் பிட்ஸ்பர்கிலும் ஒரு கிளை திறக்கப்பட்டது மகிழ்ச்சிதான். ஆனால் நல்லெண்ணம் படைத்த ஒருவர் முன்வரும் ஊர்களில் மட்டும் இது கிடைப்பது எனக்கு நிறைவு தரவில்லை. காவலில் வைக்கச் செலவழிக்கும் அரசு, இதற்கும் தன் பையிலிருந்து ஒரு பங்கை நிரந்தரமாகத் தர வேண்டும்.

டாலஸைச் சுற்றியுள்ள ஃபிரிஸ்கோ, பிளேனோ, இர்விங் பகுதிகளில் வாழும் நம்மவர்கள் பிறந்தநாள், பட்டமளிப்பு போன்ற நாட்களுக்கு நகர மையத்தில் இடம் தேடும்போது இதையும் எண்ணிப் பார்க்கலாம். எல்லா நாளும் திறந்திருப்பதில்லை என்பதால் முன்பதிவு அவசியம். போனால் பரிமாறும் பிள்ளையிடம், என்ன செய்து இங்கே வந்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள். அன்றைக்கு அடுப்பில் என்ன நன்றாக வந்திருக்கிறது என்று கேளுங்கள்.