பிரெஞ்சு பழக பாரிஸா, கியூபெக் நகரமா?

பிரெஞ்சு மொழியைப் பேசிப் பழகவே பயணம் மேற்கொள்வோரில் பலர் பாரிஸுக்கும் கனடாவின் கியூபெக் நகரத்துக்கும் இடையே தயங்குகின்றனர்.

உச்சரிப்பு: பாரிஸில் கேட்பது பெரும்பாலும் பாடநூல்களின் ஒலிப்பதிவை ஒத்திருக்கும், கியூபெக்கின் உயிரொலிகளுக்குக் காது பழகச் சில நாட்கள் பிடிக்கும்.

சொற்கள்: ‘தெஜூனே’ பாரிஸில் மதிய உணவையும் கியூபெக்கில் காலை உணவையும், ‘தினே’ பாரிஸில் இரவு உணவையும் கியூபெக்கில் மதிய உணவையும் குறிப்பதால், விருந்துக்கு அழைக்கப்படுவோர் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்வதே பாதுகாப்பானது. (பசியோடு காத்திருப்பது மொழிப் பயிற்சியாகாது.)

செலவு: பாரிஸ் உணவகங்களில் வரியும் சேவைக் கட்டணமும் விலைப்பட்டியலிலேயே அடங்கியிருக்கும், கியூபெக்கில் ஏறத்தாழ 15 சதவீத வரியோடு, வழக்கமான 15 சதவீத டிப்ஸும் தனியாகச் சேரும்.

தேர்வுக்குத் தயாராகும் தொடக்கநிலை மாணவருக்குப் பாரிஸ் பொருந்தும். கனடாவில் குடியேற எண்ணுவோர் கியூபெக்கையே தேர்ந்தெடுக்கலாம்.