ரசீதில் ‘மேட் பாக்ஸ் செட் – 1’ என்று மட்டும் எழுதித் தருகிறார்களா? உஷார்!

சென்னையில் கேமரா வாடகைக்கு எடுக்கும் புது ஒளிப்பதிவாளர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லவில்லை. என் முன்பணம் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.

ஒரு குறும்படம். கோவளம் கடற்கரையில் ஒரே நாளில் முடிக்க வேண்டிய காட்சிகள். நாயகன் வழக்கறிஞர், நீதிமன்றத்திலிருந்து நேராகக் கடலுக்கு வந்து, கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் மணலில் நடக்கிறான். ரெட் கொமோடோ கேமராவும் ஸைஸ் சிபி.3 லென்ஸ்களும் நண்பர் ஒருவர் தந்துவிட்டார். வெளியில் வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது மேட் பாக்ஸும் (லென்ஸின் முன்னால் மாட்டி, வெயிலை மறைத்து, ஃபில்டர்களைத் தாங்கும் பெட்டி) ஃபில்டர்களும் மட்டுமே. ‘மட்டுமே’ என்று நினைத்ததுதான் என் முதல் தவறு.

கொமோடோவுக்குள் என்டி ஃபில்டர், அதாவது நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் ஃபில்டர், கிடையாது. ஐஎஸ்ஓ 800, நொடிக்கு 24 ஃபிரேம், 180 டிகிரி ஷட்டர் என்று வைத்தால், உச்சி வெயிலில் லென்ஸின் துவாரத்தை எஃப்/64 வரை மூட வேண்டும் என்று கணக்கு சொல்லும். அப்படி மூடுகிற சினிமா லென்ஸுக்கு எங்கே போவது? என்டி 1.2 நான்கு ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைக்கும், 0.9 மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). இரண்டையும் அடுக்கினால் எஃப்/5.6-க்கு வந்துவிடலாம். ஆகவே 4க்கு 5.65 அங்குல ஃபில்டர் இரண்டு கொள்ளும் மேட் பாக்ஸ், அதை லென்ஸோடு பொருத்த 95 மில்லிமீட்டர் வளையம், கேமராவின் அடியிலிருந்து நீளும் 15 மில்லிமீட்டர் ராடுக்கான பிடி, அகச்சிவப்பையும் தடுக்கும் ஐஆர்என்டி கண்ணாடிகள், இவ்வளவும் வேண்டும் என்று வாட்ஸாப்பில் தெளிவாகவே அனுப்பினேன். “எல்லாம் இருக்கிறது சார், வந்துவிடும்” என்று பதில் வந்தது. ரசீதில் எழுதியது ‘மேட் பாக்ஸ் செட் – 1, ஃபில்டர் செட் – 1’. நாள் வாடகை 3,500 ரூபாய், முன்பணம் 20,000. நானும் கையெழுத்துப் போட்டேன்.

பெட்டி விடியற்காலை ஐந்தரைக்குக் கடற்கரைக்கு வந்தது, கூடவே கடையின் உதவியாளர் பையன் ஒருவன். திறந்து பார்த்தால் ராடு பிடி 19 மில்லிமீட்டருக்கானது. எங்கள் கேமராவின் அடியில் இருந்ததோ 15 மில்லிமீட்டர் ராடு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இது தடிமனோடு முடிகிற விஷயம் இல்லை. சிறிய 15 ராடுகளுக்கு நடுவே 60 மில்லிமீட்டர் இடைவெளி, 19 ராடுகளுக்கு நடுவே 104. பலவந்தம் பண்ணினாலும் ஏறாது. சரி, ராடு வேண்டாம், லென்ஸின் முகப்பிலேயே மாட்டிவிடலாம் என்றால் மேட் பாக்ஸின் வாய் 114 மில்லிமீட்டர். சிபி.3-இன் முகப்பு 95. நடுவில் போட வேண்டிய வளையத்தைக் காணோம்.

பையன் பதறவே இல்லை. பையிலிருந்து கறுப்புத் துணி டேப்பை எடுத்து லென்ஸைச் சுற்றிச் சுற்றி ஒட்ட ஆரம்பித்தான். ஊரார் லென்ஸ்! தடுப்பதா விடுவதா என்று எனக்குப் புரியவில்லை. கிழக்கே வெளுத்துக்கொண்டு வந்தது, இயக்குநர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விட்டேன். ஒவ்வொரு முறை லென்ஸ் மாற்றும்போதும் டேப்பை உரிப்பதும் ஒட்டுவதுமாகப் பத்துப் பதினைந்து நிமிடம் போயிற்று. வெயில் ஏறியதும் பசை இளகி, மேட் பாக்ஸ் மெல்லத் தலை கவிழ்ந்தது. அகலமான லென்ஸ்களில் மேல் மூலை இரண்டும் இருட்டாகிவிட்டன. மேல் தகட்டின் திருகும் தளர்ந்திருந்ததால், கடற்காற்று அடிக்கும்போதெல்லாம் தகடு படபடவென்று ஃபிரேமுக்குள் வந்து எட்டிப் பார்த்தது. ஒரு ஃபில்டர் தட்டு சுழலும் என்றார்கள். சுழலவில்லை.

மாலையில் வேறொரு தொல்லை. சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் இறங்க, கேமரா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்னால் எந்த விளக்கும் இல்லை, ஆனால் படம் பால் ஊற்றியது போல வெளுத்துக் கிடந்தது. லென்ஸைத் துடைத்தோம், ஃபில்டரைத் துடைத்தோம், பயனில்லை. பிறகுதான் கவனித்தேன். லென்ஸுக்கும் மேட் பாக்ஸுக்கும் நடுவில் டேப் மூடாத இடத்தின் வழியாகப் பின்வெயில் நுழைந்து, ஃபில்டரின் பின்புறத்தில் பட்டு, மறுபடி லென்ஸுக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் லென்ஸ் விளிம்பின் வெள்ளை எழுத்துகள் வானத்தில் மங்கலாக மிதந்தன. அந்த இடைவெளியை அடைக்கத்தான் ‘டோனட்’ என்கிற மிருதுவான வளையத்தைப் போடுவார்கள். அதுவும் பெட்டியில் இல்லை. என் உதவியாளர் தன் கறுப்புச் சட்டையைக் கழற்றிச் சுற்றினார். மீதி மாலை பனியனோடு ஃபோகஸ் இழுத்தார்.

இதுவரை சொன்னதெல்லாம் அலட்சியம். இனிமேல் சொல்லப்போவது மோசடி.

இரண்டு நாள் கழித்து, நிறம் சேர்க்கும் நண்பர் அலைபேசியில் கேட்டார்: “உங்கள் வழக்கறிஞர் ஏன் பழுப்புக் கோட்டுப் போட்டிருக்கிறார்?” ஓடிப்போய்ப் பார்த்தேன். கோட்டு செம்மண்ணில் புரட்டி எடுத்தது போல இருந்தது. படப்பிடிப்பின்போதே சிறிய மானிட்டரில் லேசான செம்மை தெரிந்தது உண்மை. வெயிலின் வேலை என்று நினைத்து விட்டுவிட்டேன், அது என் குற்றம். சாதாரண என்டி கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் குறைக்கும், அகச்சிவப்பைப் பெருமளவு உள்ளே விட்டுவிடும். கேமராவுக்குள் இருக்கும் தடுப்பைத் தாண்டி வருவது மற்ற நேரத்தில் பொருட்டே இல்லை. ஆனால் ஏழு ஸ்டாப் என்றால் ஒளியை 128-இல் ஒரு பங்காக்கிவிட்டோம் என்று பொருள். அப்போது குறையாமல் நுழைகிற அகச்சிவப்பின் கை ஓங்கிவிடுகிறது. நம் கண்ணுக்குக் கன்னங்கரேலென்று தெரியும் செயற்கை இழைத் துணிகள் பலவும் அதை நன்றாகப் பிரதிபலிக்கும். செம்மையை வழித்து எடுக்கப் பார்த்தால் நாயகனின் முகம் பச்சை கட்டியது.

நான் கேட்டது ஐஆர்என்டி அல்லவா? உறையிலும் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. சந்தேகம் வந்து, அன்று காலை உதவியாளர் எடுத்து வைத்திருந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடியின் ஓரத்தில் பொறித்திருந்தது வெறும் ‘என்டி 1.2’. நல்ல ஃபில்டரின் உறைக்குள் மலிவான ஃபில்டரைச் செருகித் தந்திருக்கிறார்கள். 0.9 ஃபில்டர் கண்ணாடியே இல்லை, மெல்லிய பிளாஸ்டிக். நான்கு மில்லிமீட்டர் கண்ணாடிக்கான தட்டில் அது நாள் முழுக்கக் கடகடவென்று ஆடியதற்குக் காரணம் அதுதான்.

இதற்கு முன்பே, பொருளைத் திருப்பித் தரப் போன இரவில், கடைக்காரர் அந்த 0.9-ஐ விளக்கில் காட்டி, “கீறல் விழுந்திருக்கிறது, 8,000 பிடித்துக்கொள்கிறேன்” என்றார். காலை 5.40-க்கு எடுத்த படத்தில் அதே கீறல் இருக்கிறது என்று காட்டினேன். “அது தூசி சார்” என்றார். உறை விஷயம் தெரிந்ததும் மறுபடி பேசினேன். “ரசீதில் ஐஆர் என்று எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். வாட்ஸாப்பைக் காட்டினால், அந்த எண்ணைப் பார்ப்பது வேறு பையனாம், அவன் வேலையை விட்டுப் போய்விட்டானாம்.

இப்போது நான் எடுக்கும் இடத்தில், வளையத்தின் அளவு, ராடின் அளவு, டோனட், ஒவ்வொரு ஃபில்டரின் ஓரத்தில் பொறித்திருக்கும் பெயர் என்று எல்லாவற்றையும் ரசீதில் எழுதச் சொல்கிறேன். முகம் சுளிக்கிறார்கள், ஆனால் எழுதுகிறார்கள். முந்தின நாளே கேமராவோடு போய், கடையிலேயே மாட்டி, இருப்பதிலேயே அகலமான லென்ஸை வைத்து மூலைகளைப் பார்க்கிறேன். குடைத்துணியோ ரெயின்கோட்டோ, ஏதாவது ஒரு கறுப்புச் செயற்கைத் துணியைக் கையோடு கொண்டுபோகிறேன். அதை வெயிலிலோ, பழைய இழை பல்பின் அடியிலோ விரித்து, என்டி இல்லாமல் ஒருமுறை, என்டி போட்டு லென்ஸைத் திறந்து ஒருமுறை எடுத்தால் போதும். பொய் உறை அங்கேயே பல்லிளித்துவிடும். ஃபில்டர்களை இரண்டு பக்கமும் விளக்கில் சாய்த்து, கடைக்காரரின் கையும் தெரியும்படி வீடியோ எடுத்துக்கொள்கிறேன்.

திரும்பி வரும் வேனில் அந்தப் பையன் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான். “95 வளையம் எங்களிடம் ஒன்றுதான் சார் இருக்கிறது. அது நேற்றே பொள்ளாச்சிக்குப் போய்விட்டது. உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார்கள்.” அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்று பேட்டாகூட அவனுக்குச் சரியாகத் தரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கடற்கரைக் காட்சி முழுவதையும் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டோம், வேறு வழி தெரியவில்லை. முதல் திரையிடலுக்கு வந்த ஒரு பெரியவர், அந்த இடத்தில் நிறத்தை விலக்கிய துணிச்சலுக்காக என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் நன்றி சொல்லிவிட்டேன்.